இந்தா படுத்த கட்டில்

பாயா ரும்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் வேலியோரம் நின்று ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் மகளுக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்திருக்கிறது. அது மகளோடு கட்டிலில்தான் படுக்கிறதாம். "அக்கா, அது சரியா தப்பா? டாக்டர் கூடாதுங்கிறாரு. இறக்கி விட்டா இவ அழுறா லா." நான் வாயைத் திறந்தேன். முக்கால் மணி நேரம் மூடவில்லை. அவள் அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று. பாவம், அவள் எதிர்பார்த்தது ஒரு வார்த்தைப் பதில். நாய், கட்டில் என்று இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டால் எனக்கு இந்த வயதிலும் ரத்தம் சூடேறிவிடுகிறது. அவளிடம் அவசரமாகக் கொட்டியதை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன். நிதானம் எனக்கு வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்ததால் அவசரகாலம் என்று எல்லாரும் சொன்ன காலம் அது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எனக்கு ஒன்பது வயது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு எங்கள் அரிசி போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்ததால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயன் வீடுகளைக் காலி செய்து, எல்லாரையும் ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குடி வைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். மாலையில் சங்கு ஊதினால் எல்லாரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். விடிந்து கேட் திறக்கும் வரை குழாயடிக்குக்கூடப் போக முடியாது.

குடி மாறிய நாளில் சட்டி பானை, கோழிக்கூண்டு, அப்பா செய்த கட்டில், நாங்கள் என்று எல்லாம் ஒரு லாரியில் ஏறினோம். நாய் ஏறவில்லை. "மனுசனுக்கே எடம் இல்ல" என்று டிரைவர் சொல்லிவிட்டார். அதற்கு நாங்கள் பெயர் வைத்ததில்லை. "இந்தா" என்றால் வரும். அப்பா அம்மாவைக் கூப்பிடுவதும் "இந்தா" என்றுதான். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். லாரி நகர்ந்ததும் இந்தா பின்னாலேயே ஓடி வந்தது. செம்மண் தூசியில் ஒரு நிமிடம் தெரியும், ஒரு நிமிடம் காணாமல் போகும். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "வா, வா, வா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது லயன் கேட்டில் சாமான்களைச் சோதனை போட லாரியை நிறுத்தினார்கள். அரிசி மூட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தா வந்து சேர்ந்தது. நாக்கு முழங்கால் வரை தொங்கியது. காவலுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அது வேலிக்கடியில் புகுந்து எங்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் பந்தயம் அது. என் கட்சி ஜெயித்தது.

புது வீடு ஒரே அறை, பின்னால் ஒரு குசினி. அந்த ஒரே அறைக்குள் கட்டில், துணிப்பெட்டி, சுவரில் ஒரு பலகை. பலகையில் மாரியம்மன் படமும் விளக்கும். கட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரப்பர் ஷீட் கட்டி அனுப்பும் பெட்டிகளின் பலகையை ஸ்டோரில் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து அப்பா செய்தது. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். லயனில் பாதிப் பேர் பாயில் படுத்த காலம். எங்கள் வீட்டில் கட்டில் இருந்தது அப்பாவுக்குப் பெரிய பெருமை. யாராவது வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன் கட்டிலைத் தட்டிக் காட்டுவார்.

நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாமி இருக்கிற அறை அது. இந்தா வாசலில், கூரைத் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சட்டம் ஒரு மாதம்தான் நின்றது. வேலிக் கம்பியில் வரிசையாகக் காலிப் பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது வேலியைத் தொட்டால் டின் கலகலக்கும், காவலாளிகள் சுடுவார்கள். ஒருநாள் சங்கு ஊதிய பிறகு டின் கலகலத்தது. படபடவென்று வெடிச் சத்தம். பலகைச் சுவர் குண்டைத் தாங்காது, சத்தம் கேட்டால் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியே படுத்துக் கிடந்தோம். காலையில் போய்ப் பார்த்தால், கடைசி வீட்டு அக்காவின் வெள்ளை நாய் வேலியோரம் செத்துக் கிடந்தது. அன்றைக்கே பெரட்டில், எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும்போது, ஆள் கணக்கெழுதும் கிராணி புது உத்தரவைப் படித்தார். சங்குக்குப் பிறகு வெளியே திரியும் நாய் எதுவானாலும் சுடப்படும்.

வேலைவிட்டு வந்த அம்மா வாளியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். "என்னங்க, இத உள்ள வுடணும்."

"சாமி இருக்கு."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அம்மா கிழிந்த சேலையில் ஒரு துண்டை எடுத்து, பலகைக்கு முன்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சங்கு ஊதியதும் திரையை இழுத்து விடுவாள். அம்மன் அந்தப் பக்கம், நாய் இந்தப் பக்கம். விடிந்து நாயை வெளியே விட்டு, தரையைத் துடைத்துத் தண்ணீர் தெளித்த பிறகு திரையை விலக்குவாள். ஒரே அறைக்குள் அம்மா இன்னோர் அறை கட்டிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "கட்டிலுக்கு அடியில படுக்கட்டும். மேல ஏறுனா அன்னைக்கே வெளிய. நாய் நாயா இருக்கணும், கட்டில் மனுசன் படுக்கிறது."

எனக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் வெளியே காட்டவில்லை. விடியும்போது இருவரும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பள்ளிக்கூடம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அவர்கள் தலை மறைந்ததும் கட்டில் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவேன். இந்தா தாவி ஏறும். அந்த ஒரு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. முதலில் என் காலடியில் நல்ல பிள்ளையாகச் சுருண்டுகொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கடைசியில் நான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பேன், அது நடுவில் மல்லாந்து கிடக்கும். மழைக்காலத்தில் அதன் வயிற்றுக்குள் கால்விரலை நுழைத்துக்கொண்டால், எந்தக் கம்பளியும் அதற்கு ஈடில்லை. பிடிபட்டால் அதன் உயிர் போகும் என்று தெரியும். தெரிந்தும் செய்தேன். ஒன்பது வயது அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் அம்மா போர்வையிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது யாரு முடிடி?"

"என் முடிதாம்மா."

"எப்படீ பழுப்பாச்சு?"

"வெயில்ல விளையாடுனேன்."

அம்மா என்னையும் பார்த்தாள், கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு போய் வெளியே உதறினாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் திருவிழா வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். வைத்தியம் பார்த்த டிரசர் கையை விரித்துவிட்ட ஒரு நாளில் அப்பா கோயில் வாசலில் போய் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்தால் மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறேன் என்று. நான் பிழைத்துவிட்டேன். கடனைத் தீர்க்கிற நேரம். பத்து நாள் காப்புக் கட்ட வேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஒருவேளைச் சாப்பாடு, சவரம் கிடையாது, கட்டிலில் படுக்கக் கூடாது, தரையில் பாய்தான். நாய் மேலே படவே கூடாது. பட்டால் விரதம் போச்சு.

ஒரே அறை. தரையில் அப்பா. கட்டிலுக்கு அடியில், ஒரு முழத் தூரத்தில், நாய். வெளியே விட்டால் சுடுவார்கள்.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "சரக்கு லாரி நாளைக்கு ஜாசின் போகுது. ஏத்தி விட்டுர்றேன். பாசார்ல மீன்காரங்க போடறதத் தின்னுக்கிட்டுக் கெடக்கும்."

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அரிசி அளந்து கொடுத்த காலத்தில் தட்டைத் தள்ளுவது சாதாரணக் குற்றமில்லை. "நானும் லாரில போறேன்" என்றேன். "நானும் மீன் தலையத் தின்னுக்கிறேன்."

"அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தா என்னா செய்வ?" என்றார் அப்பா. அது அப்பா எனக்காகச் செய்கிற விரதம். அது கெட்டால் போவது என் உயிர் என்றுதான் நானும் நம்பினேன். நாய் போனாலும் அழ வேண்டும், இருந்தாலும் பயப்பட வேண்டும்.

அம்மா எழுந்தாள். பாயை எடுத்து விரித்துப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பாயை வாசல் பக்கம் நகர்த்தினாள், சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். எப்படிப் போட்டாலும் நாய் கையை நீட்டினால் அப்பா. பிறகு நிமிர்ந்து, ஒன்றும் தெரியாதவள் போலச் சொன்னாள். "கட்டில் மேல படுத்தா மட்டும்தான் உங்க மேல படாது."

அப்பா கட்டிலைப் பார்த்தார். தாம் இழைத்த பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

"மேல ஏத்திக்க" என்றார் கடைசியில். "கீழ மட்டும் வுட்றாத."

எந்தக் கட்டிலில் ஏறினால் வெளியே என்றாரோ, அதே கட்டிலிலிருந்து இறங்கினால் ஆபத்து என்று அப்பா வாயாலேயே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கு ஊதியதும் அதிகாரபூர்வமாகப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன். இந்தா ஒரே தாவில் ஏறி, நேராகப் போய் நடுவில் படுத்தது. "மொத தடவ ஏறுற நாய் மாதிரி தெரியலயே" என்றார் அப்பா பாயிலிருந்து. அம்மா அடுப்பைக் கவனிக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

சேலைக் கிழிசலில் ஒரு பட்டை எடுத்து, ஒரு முனையை இந்தாவின் கழுத்திலும் மறுமுனையை என் கையிலும் கட்டிக்கொண்டேன். அது அசைந்தால் நான் விழித்துக்கொள்வேன். அப்படியே எட்டு நாள் ஓடியது. அப்பாவின் தாடி வளர்ந்தது. குழாயடியில் பெண்கள் கேலி செய்தார்கள். "ஒங்க வீட்ல நாய்க்குக் கட்டிலாம், மாப்பிள்ளைக்குத் தரையாமே?" அம்மா சிரித்துக்கொண்டே வாளியை நிரப்புவாள். எனக்கு அந்த எட்டு நாளும் திருவிழாதான். நாளைக் கையில் மடக்கி மடக்கி எண்ணினேன். இன்னும் இரண்டு, இன்னும் ஒன்று.

ஒன்பதாம் நாள் மாலை. சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. அம்மா திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பாயில் உட்கார்ந்து, மறுநாள் காவடிக்கான மயிலிறகை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் இந்தாவின் கழுத்துக்குப் பட்டையைக் கட்டப் போனேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. குறுக்குக் கட்டையை இன்னும் போடவில்லை.

டின்கள் கலகலத்தன. முதல் வெடி.

அம்மா என்னைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இந்தாவும் குதித்தது. அதற்குத் தரையில் படுக்கத் தெரியாது. ஓடத்தான் தெரியும். கதவை மூக்கால் நெட்டித் தலையை வெளியே விட்டுவிட்டது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. என் நினைவில் இருப்பது அப்பா பாய்ந்ததுதான். மயிலிறகெல்லாம் சிதற, தரையோடு நீண்டு, அதன் பின்னங்காலை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தார். காலால் கதவை உதைத்துச் சாத்தினார். அது துள்ளியது. அப்பா அதன் மேல் கவிழ்ந்து படுத்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். பழுப்பு முடிக்கு நடுவில் அந்த மஞ்சள் கயிறு. சத்தம் ஓயும் வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே காவலாளிகள் பேசிச் சிரிக்கிற குரல் கேட்டது. காட்டுப் பன்றியாம். அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இந்தா அவர் தாடியை நக்கியது. அவர் தள்ளவில்லை.

"என்னங்க" என்றாள் அம்மா. "காப்பு."

"தெரியும்."

நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். அப்பா அதைக் கவனித்துவிட்டார். என்னை இழுத்து, புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல. படு" என்றார். இந்தாவைத் தூக்கி, தாமே கட்டிலில் என் காலடியில் போட்டார்.

விடிந்து கேட் திறந்ததும் அப்பா குழாயடியில் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பூசாரி கோயில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். பூசாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர், ஒரு வழியைத் திறந்து விட்டார்.

"தூக்கத்துல பட்டுச்சாக்கும். தெரியாம பட்டா மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கிட்டுக் காவடிய எடுக்கலாம். பரவால்ல."

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். ஆமான்னு சொல்லுங்கப்பா, ஆமான்னு சொல்லுங்க. என் உயிரே அந்த ஒரு சொல்லில் இருந்தது. நானாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் ஆமாம் என்றிருப்பேன்.

"அது என்னத் தொடல" என்றார் அப்பா. "நான்தான் தொட்டேன். தெரிஞ்சுதான் புடிச்சேன்."

பூசாரி தோரணத்தைக் கீழே வைத்தார். அரிவாள்மணையில் வைத்து அப்பாவின் காப்புக் கயிற்றை அறுத்தார். "அடுத்த வருசம் கட்டிக்கலாம்" என்றார்.

திருவிழா நடந்தது. நான்கு மணி வரை மேளம் அடிக்க அனுமதி. எட்டுக் காவடி போக வேண்டிய இடத்தில் ஏழு போயின. எட்டாவது கோயில் சுவரில் சாய்ந்து நின்றது. அப்பா முகத்தில் ஒன்பது நாள் தாடியோடு, காவடி எடுத்தவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடவே நடந்தார். மேளம் என் காலைச் சும்மா இருக்க விடவில்லை, கோபமும் அடங்கவில்லை. ஆடிக்கொண்டே அழுதேன் என்றால் நம்புவீர்களா. "நாய்க்காக நேத்திக்கடன வுட்டவரு பொண்ணு" என்று கூட்டத்தில் யாரோ சொன்ன குரல் கேட்டுத் திரும்பினேன். கடைசி வீட்டு அக்கா. நான் யோசிக்கவே இல்லை.

"ஒங்க வீட்டு நாய் எங்கக்கா?" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வெள்ளை நாய்க்கு அவர்தான் குழி வெட்டினார். அவர் மடியிலிருந்த கடலையில் ஒரு கை அள்ளி என் கையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனார்.

சங்கு ஊதுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கதவுக்குக் குறுக்குக் கட்டையை இந்த முறை நானே போட்டேன். அப்பாவுக்கு இனி விரதம் இல்லை, கட்டிலில் படுக்கலாம். போர்வையை எடுத்துக்கொண்டு கட்டில் அருகே வந்து நின்றார். அவர் வழக்கமாகப் படுக்கிற சுவரோரத்தில் இந்தா நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. அம்மா அதை விரட்டக் கை ஓங்கினாள்.

"வுடு" என்றார் அப்பா. "தூங்குது."

பாயை எடுத்துத் தரையில் விரித்தார். நான் போர்வைக்குள் இருந்துகொண்டு கேட்டேன். "அப்பா, காய்ச்சல் திரும்பி வருமா?" அன்று முழுவதும் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி அது. கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவருக்கு அந்தப் பயம் இல்லாமல் இல்லை. முந்தைய இரவில் இரண்டு தடவை எழுந்து வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது எனக்குத் தெரியும். காய்ச்சல் திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் மறுபடி காப்புக் கட்டி, எட்டாவது காவடியை அவரே எடுத்தார். ஆனால் அன்றைக்கு அது எதுவும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா வழக்கம்போலப் பலகைக்கு முன்னால் போய்ச் சேலைத் துண்டை இழுக்கக் கையை நீட்டினாள்.

"மறைக்காத" என்றார் அப்பா.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நாய் கட்டில்ல இருக்குங்க."

"இருக்கட்டும். ஆத்தா பாக்கட்டும்."

அம்மா துண்டைக் கயிற்றிலிருந்து கழற்றி மடித்து வைத்தாள். விளக்கு வெளிச்சம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டில் வரைக்கும் வந்தது. இந்தா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தூங்கியது.